மணல் வந்தால் கல் வரும்

மலையில் ஒரு நாள் சைக்கிள் பயணம். திட்டம் 154 கிலோமீட்டர், 10 மணி நேரம். நடந்தது 168 கிலோமீட்டர், 14 மணி 40 நிமிடம். மொத்த ஏற்றம் 3200 மீட்டர். விடிகாலை நாலரைக்குக் கிளம்பியவன் இரவு ஏழு பத்துக்குச் சைக்கிளைச் சுவரில் சாய்த்தேன். பின் சக்கரத்தில் இருந்த 11 பல்சக்கரங்களில் 8 மட்டுமே வேலை செய்துகொண்டிருந்தன. கால்விரல்களுக்கு நடுவில்கூடச் சேறு.

கூட வந்தவன் என்னைவிட 12 வயது சிறியவன். என்னை "அண்ணே" என்பான். ஏற்றத்தில் அவனோடு நான் போட்டி போடுவதில்லை, போட்டாலும் அவனுக்கு அது தெரியப்போவதில்லை. அவனிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான், இறக்கத்தில் பிரேக்கைத் தொடுவதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பான்.

புயல் கரையைக் கடந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. மலையில் இரண்டு நாள் விடாமல் அடித்த மழை நின்று ஒரு வாரம். வரைபடச் செயலியில் எங்கள் பாதை முழுக்க நீலக் கோடு, ஒரு இடத்திலும் சிவப்பு இல்லை. "வெயில் அடிக்குது, இனி என்ன?" என்று அவன் கேட்டான். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மழை நின்ற செய்தி மலைக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேரும். மேலே விழுந்த தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, அடியில் பாறையைத் தொட்டு, அங்கிருந்து பக்கவாட்டில் நகர்ந்து வர நாட்கள் ஆகும். மண் துகள்களுக்கு இடையில் தேங்கும் அந்தத் தண்ணீர் அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கித் தள்ளுகிறது. துகளோடு துகள் உரசிப் பிடித்துக்கொண்டிருந்த பிடி தளர்கிறது. வானம் பளிச்சென்று இருக்கும் நாளில், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் ஒரு சரிவு இறங்குவது இதனால்தான். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் கிளம்பினேன். ஒரு மாதமாகக் குறித்து வைத்த தேதி ஆயிற்றே.

முன்னேற்பாடாக ஒன்றே ஒன்றுதான் உருப்படியாகச் செய்தேன். 28 மில்லிமீட்டர் டயரைக் கழற்றிவிட்டு 32 மாட்டினேன். காற்றையும் வழக்கமான 80 பிஎஸ்ஐயிலிருந்து 60-க்கு இறக்கினேன். டயர் கல்லாக இருந்தால் வேகம் வரும் என்று ஒரு நம்பிக்கை சைக்கிள்காரர்களிடம் வெகுநாள் இருந்தது. வழவழப்பான தளத்தில் அது சரியாகக்கூட இருக்கலாம். மேடு பள்ளத்தில் அது தலைகீழ். டயர் அமுங்கிக் கொடுக்காவிட்டால் சைக்கிளும் ஆளும் சேர்ந்து எழும்பி விழ வேண்டும், அதற்குச் செலவாவது நம் காலின் சக்திதான். அதற்காகக் காற்றை ரொம்பவும் குறைத்துவிடவும் முடியாது. கூரான கல்லில் இடிக்கும்போது டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்தது போல அருகருகே இரண்டு ஓட்டை விழும். அன்று எனக்கு ஒரு பஞ்சர்கூட ஆகவில்லை. அவனுக்கு மூன்று. அவன் 25 மில்லிமீட்டர்காரன்.

முதல் ஏற்றம் 22 கிலோமீட்டர். இருட்டில் ஆரம்பித்து, பாதியில் விடிந்து, உச்சியில் வெயில் வந்தது. சராசரி 6 சதவீதம். அதாவது ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 6 மீட்டர் மேலே போகிறோம். இந்த வேகத்தில், மணிக்கு 11 கிலோமீட்டரில், சாலையின் ஒவ்வொரு சாணும் கண்ணில் படும். காரில் போகிறவருக்கு அது ஒரு வளைவு. எனக்கு அது நாலு நிமிஷம்.

அந்த நாலு நிமிஷங்களில்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. பிடிபட்டதும் பெரிய விஞ்ஞானியைப் போல அவனுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

சாலையில் முதலில் ஒரு வண்டல் படலம் தெரியும். காய்ந்து, வெடித்து, ஓரம் சுருண்ட சேறு. இன்னும் கொஞ்சம் மேலே போனால் நைசான மணல். அப்புறம் பருமணல். பிறகு ஜல்லி. பிறகு கைப்பிடிக் கல். அதற்கும் மேலே, மலையிலிருந்து ஒரு ஓடை வந்து சாலையில் இறங்கிய வாய். அங்கே தலை அளவு பாறைகள், வேரோடு ஒரு மரம். ஒவ்வொரு தடவையும் இதே வரிசை. தண்ணீர் வேகமாக வரும்போது எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வருகிறது. சாலைக்கு வந்ததும் பரந்து விரிந்து வேகம் குறைகிறது. குறையக் குறைய, கனமானதை முதலில் போடுகிறது, லேசானதைக் கடைசியில். ஆற்றுப் படுகையில் மலையிலிருந்து கடல் வரைக்கும் நடக்கும் அதே வேலை, இங்கே 60 மீட்டர் தாரில்.

"மணல் வந்தா கல் வரும், பாத்துக்கோ" என்றேன். அடுத்த வளைவில் மணல் வந்தது. அவன் எழுந்து நின்று மிதித்துப் போய்ப் பார்த்துவிட்டு மேலிருந்து கத்தினான்: "கல் இருக்குண்ணே!" அதற்கு அடுத்ததிலும் இருந்தது. நாலாவது தடவை அவன் கத்தக்கூட இல்லை, கையை மட்டும் தூக்கினான். சாலையை வாசிக்கத் தெரிந்துவிட்டது என்ற இறுமாப்பு எனக்கு வந்தது அங்கேதான்.

இறக்கம் அந்த இறுமாப்பில் பாதியைப் பிடுங்கிக்கொண்டது.

ஏறும்போது வண்டல், மணல், ஜல்லி, கல் என்று படிப்படியாக எச்சரிக்கை வருகிறது இல்லையா? இறங்கும்போது அதே வரிசை தலைகீழ். எந்த அறிவிப்பும் இல்லாமல் முதலில் பாறை. அதைத் தப்பித்தால் கல். அதையும் தப்பித்து, அப்பாடா என்று மூச்சுவிட்டுக் கைப்பிடியைத் தளர்த்தும் இடத்தில் மணல். ஓடிய தண்ணீரின் திசையிலேயே நாமும் போவதால், அதன் முதல் வேலையைத்தான் நாமும் முதலில் பார்க்கிறோம்.

எனக்கு முன்னால் போனவன் மூன்றாவது கொண்டை ஊசியில் திரும்பியதும் நடுச்சாலையில் ஒரு பாறை. நல்லவேளையாக அவன் அதைச் சுற்றிக்கொண்டு போய்விட்டான். சுற்றிப் போன இடத்தில் இருந்த ஜல்லியில் பின்சக்கரம் வாலாட்டியது. மிதியில் மாட்டியிருந்த ஒரு காலைக் கழற்றித் தரையில் ஊன்றி, பத்தடி உரசிக்கொண்டே போய், ஓரத் தடுப்புக் கல்லுக்கு முன்னால் நின்றான். நான் போய்ச் சேர்ந்தபோது ஷூவின் அடிப்பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கணக்குப் போட்டுக் காட்டினேன். மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும்போது, கண் பார்த்துக் கை பிரேக்கை அழுத்த ஒரு நொடி ஆனால் அதற்குள் 8 மீட்டர் போய்விடும். சமதளத்தில், காய்ந்த சாலையில், நன்றாகப் பிடித்தால் நிற்க இன்னொரு 7 மீட்டர். மொத்தம் 15. மணிக்கு 60-இல் அந்த ஒரு நொடிக்கே 17 மீட்டர், நிற்பதற்கு 28. மொத்தம் 45. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்கு. கொண்டை ஊசி வளைவில் கண்ணுக்குத் தெரிவதே 20 மீட்டர்தான். இறக்கம், ஈரம், மணல் எல்லாம் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை.

"இருபது மீட்டர் தெரிஞ்சா இருபது மீட்டர்ல நிக்கிற வேகம்தான். அதுக்கு மேல போனா தெரியாத இடத்துக்குள்ள போறோம்னு அர்த்தம்."

"அப்ப முப்பதா?"

"முப்பதுக்குக் கீழ."

முகத்தைச் சுளித்தான். ஆனால் கேட்டுக்கொண்டான். 2019 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை அவன்தான் ஞாபகப்படுத்தினான். ஜூலை 26, 19-ஆவது கட்டம். வீரர்கள் ஆல்ப்ஸில் கிட்டத்தட்ட 2770 மீட்டர் உயரத்தில் இருக்கும் இஸரான் கணவாயை ஏறிக் கடந்து, மறுபக்கம் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் கீழே, தீன்ய் என்ற ஊரை நோக்கிப் போகும் சாலையில் ஆலங்கட்டி மழை கொட்டி, சேறும் கல்லும் வழியை மூடிவிட்டன. பந்தயத்தை நடு இறக்கத்தில் நிறுத்தினார்கள். உச்சியைக் கடந்த நேரத்தை வைத்தே கணக்குப் பார்த்தார்கள், கொலம்பியாவின் ஏகன் பெர்னால் முதலிடத்தில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டைக்கு வந்தார், இரண்டு நாளில் பாரிஸில் பட்டத்தையும் வென்றார். முன்னால் கார், மேலே ஹெலிகாப்டர், காதில் ரேடியோ என்று எல்லாம் இருந்த ஆட்கள் அவர்கள். எங்களிடம் ஒரு நீலக் கோடு இருந்தது.

மலைப்பாதை என்பது பாதி வெட்டியது, பாதி கொட்டியது. சரிவை உள்பக்கம் வெட்டுகிறார்கள், வெட்டிய மண்ணை வெளிப்பக்கம் கொட்டி அகலப்படுத்துகிறார்கள். உள்பாதி மலையின் சொந்த உடம்பு, உறுதியானது. ஆனால் வெட்டிய சுவர் செங்குத்தாக நிற்பதால் மேலிருந்து ஏதாவது விழுந்துகொண்டே இருக்கும். வெளிப்பாதியில் தலைக்கு மேலே ஆபத்து குறைவு. காலுக்குக் கீழே இருப்பது வந்து சேர்ந்த மண், தண்ணீர் கூப்பிட்டால் கூடவே போய்விடும். எந்தப் பக்கம் ஓட்டுவது? சாலையை மூன்றாகப் பிரித்து, உள்பக்கக் கோட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஓட்டினோம். எந்தப் புத்தகத்திலும் படித்தது இல்லை. பயம் சொல்லிக் கொடுத்தது.

சாலை உடைந்த இடங்களில் பெரும்பாலானவை கல்வெர்ட் என்கிற சிறுபாலங்களாகவே இருந்தன. ஓடை வருகிற இடத்தில் சாலைக்கு அடியில் ஒரு குழாய் போட்டுத் தண்ணீரை அந்தப் பக்கம் அனுப்புகிறார்கள். சாதாரண மழைக்கு அது போதும். புயலில் தண்ணீரோடு கிளை, வேர், கல் எல்லாம் வருகிறது. முதல் கிளை குழாயின் வாயில் குறுக்கே மாட்டினால் போதும், மற்றதெல்லாம் அதில் வந்து சேரும். பத்து நிமிடத்தில் குழாய் அடைத்துக்கொள்ளும். பிறகு தண்ணீருக்கு வழி சாலைதான். மேலே ஏறி, குறுக்கே ஓடி, வெளிப்பக்க விளிம்பிலிருந்து கீழே அருவியாக விழுந்து, விழுந்த இடத்திலிருந்து பின்னோக்கி அரித்துக்கொண்டே வருகிறது. மேலே நின்று பார்த்தால் தார் அப்படியே இருக்கும். அடியில்தான் வேலை நடந்திருக்கும்.

இந்தக் கடைசி வாக்கியத்தை இன்று எழுதுவது சுலபம். அன்று காலை எட்டு மணிக்கு எனக்கு அது தெரியாது.

எட்டு மணிக்கு ஒரு தடுப்பு வந்தது. இரண்டு தகர டிரம், நடுவில் ஒரு மூங்கில், சிவப்புத் துணி. ஆள் யாரும் இல்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் 50 மீட்டர் தள்ளி ஒரு மண்சரிவு, சாலையின் உள்பாதியை மூடியிருந்தது. முழங்கால் உயரச் சேறு. வெளிப்பக்கம் ஒரு வண்டி போகும் அளவுக்குத் தார் சுத்தமாகத் தெரிந்தது.

நான் சரிவைப் படித்தேன். அதாவது, படித்ததாக நினைத்தேன். மேலே புதிதாக விழுகிற கல் இல்லை. சேற்றின் மேல்தோல் காய்ந்திருக்கிறது, எனவே இரண்டு மூன்று நாளாக எதுவும் நகரவில்லை. தாரில் பிறை வடிவ விரிசல் இல்லை. அப்படி ஒரு விரிசல், இரண்டு முனையும் பள்ளத்துப் பக்கம் வளைந்து இருந்தால், அதற்குள் இருக்கும் துண்டு கிளம்பத் தயாராகிவிட்டது என்று அர்த்தம். மரங்கள் நேராக நிற்கின்றன. எல்லாம் சரி. "சேத்துக்காகத்தான் வச்சிருக்காங்க. காருக்கு. நம்ம தூக்கிட்டுப் போயிடலாம்" என்றேன். மூங்கிலுக்குக் கீழே குனிந்து போனோம். சேறு இல்லாத வெளிப்பக்கத்தில், சைக்கிளில் ஏறி உட்கார்ந்தே, சொகுசாகக் கடந்தோம்.

அந்தச் சாலை அடுத்து ஒரு பள்ளத்தாக்கைச் சுற்றிக்கொண்டு எதிர்ச் சரிவுக்குப் போகிறது. முக்கால் மணி நேரம் கழித்து, ஏறக்குறைய அதே உயரத்தில், எதிர்ப்பக்கம் நின்று தண்ணீர் குடித்தோம். அவன்தான் முதலில் பார்த்தான். எதுவும் சொல்லவில்லை. பாட்டிலைப் பிடித்திருந்த கையாலேயே காட்டினான்.

நாங்கள் கடந்து வந்த இடம். அந்தச் சேறு, அந்தச் சுத்தமான தார். அந்தத் தாருக்கு அடியில் ஒன்றும் இல்லை. வெளிப்பக்கம் முழுக்க மண் சரிந்து போய், தார் விரிப்பு மட்டும் தாழ்வாரம் போல அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் தடிமன் எவ்வளவு குறைவு என்பது அங்கிருந்தே தெரிந்தது. கீழே தொங்கிக்கொண்டிருந்த ஒரு குழாயிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கல்வெர்ட் இருந்த இடம். நாங்கள் அதைக் கல்வெர்ட் என்றே கவனிக்கவில்லை, உள்பக்க வாய் சேற்றில் மூடியிருந்ததால்.

தடுப்பு சேற்றுக்காக வைத்தது இல்லை. வைத்தவர் கீழே இறங்கியோ, இல்லை எங்களைப் போல எதிரே நின்றோ பார்த்திருக்கிறார். மேலேயிருந்து அதைப் படிக்க வழியே இல்லை. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ. தாங்கிவிட்டது, அவ்வளவுதான். பின்னால் ஒரு கார் வந்திருந்தால் என்று யோசித்துக்கொண்டே ரொம்ப நேரம் ஓட்டினேன். மூங்கிலைத் தாண்டிய பக்கத்துச் சேற்று ஓரத்தில் எங்கள் டயர் தடம் இருந்தது. அதைப் பார்க்கிற அடுத்த ஆளுக்கு அது ஒரு அழைப்பு.

இரண்டாவது ஏற்றம் 17 கிலோமீட்டர், ஆயிரம் மீட்டர் உயரம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. வெயில், மிதித்தோம். ஒரு சின்னக் கணக்கு மட்டும்: 85 கிலோவை ஆயிரம் மீட்டர் மேலே தூக்க ஏறக்குறைய 830 கிலோஜூல் வேலை. தசைகள் சாப்பாட்டின் சக்தியில் கால்பங்கைக்கூடச் சரியாக மிதிக்குத் தருவதில்லை, மிச்சமெல்லாம் சூடாகப் போகிறது. அதனால் கிலோஜூலில் எத்தனை வேலையோ, அநேகமாக அத்தனை கிலோகலோரி சாப்பிட வேண்டியிருக்கிறது. எண்ணூறு கிலோகலோரி என்பது எட்டு வாழைப்பழம். என்னிடம் இரண்டு இருந்தன.

உச்சிக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது சிவப்புக் கொடி. இந்தத் தடவை கொடிக்குப் பின்னால் ஆள் இருந்தார். அவருக்குப் பின்னால், ஒரு பெரிய சரிவின் மேல் ஜேசிபி ஒன்று ஏறி நின்று மண்ணை அள்ளிப் பள்ளத்தில் தள்ளிக்கொண்டிருந்தது. அதற்கும் மேலே இன்னொருவர் விசிலோடு மலையைப் பார்த்தபடி நின்றார். அவர் வேலையே அதுதான். மேலே ஒரு கல் அசைந்தால் ஊத வேண்டும். ஜேசிபிக்குள் இருப்பவருக்கு இயந்திரச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்காது.

கொடிக்காரர் எங்களைப் பார்த்த பார்வையில் வரவேற்பு இல்லை.

"சைக்கிளா? லாரி வந்தா ரெண்டு வளைவுக்கு முன்னாடியே தெரியும். நீங்க சத்தமில்லாம வந்து பக்கத்துல நிக்கிறீங்க தம்பி. அவர் பக்கெட்ட திருப்புறப்ப நீங்க கீழ நின்னா என்ன ஆகும்?"

நியாயமான கேள்வி. சைக்கிளின் அமைதியை இத்தனை வருடமாக ஒரு பெருமையாகவே பேசி வந்திருக்கிறேன். அதற்கு இப்படி ஒரு பக்கம் இருப்பது அன்றுதான் உறைத்தது.

அப்புறம் கேட்டார்: "அந்தப் பக்கமிருந்தா வர்றீங்க? அங்க தடுப்பு வச்சிருந்தமே, பாக்கலையா?"

"இல்லையே" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் தானாகச் சொன்னது. அவர் என் சேற்றுக் காலைப் பார்த்தார். பிறகு வாக்கி டாக்கியை எடுத்து, தடுப்பு விழுந்து கிடக்கிறதாம், யாராவது போய் எடுத்து வையுங்கள் என்று சொன்னார். என் பொய்யை நம்பி ஒரு ஆள் வேலையை விட்டுவிட்டு எங்கோ கிளம்பினார். நான் வாயைத் திறக்கவில்லை.

70 நிமிடம் காத்திருந்தோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும் என்பது ஓட்டிக்கொண்டிருக்கும்போது உறைக்காது. வியர்வை நனைந்த சட்டையோடு காற்றில் உட்கார்ந்தால் உறைக்கும். அவன் உதவிப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவில் செருகிக்கொண்டான். பழைய பந்தய வீரர்கள் இதற்கு நாளிதழைப் பயன்படுத்தினார்கள். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஜேசிபியைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:

"பொய் சொல்லிட்டீங்களேண்ணே?"

"ம்."

ஒரு வழியாகக் கொடி இறங்கியது. கடந்து போகும்போது ஜேசிபி ஓட்டுநர் பக்கெட்டைத் தரையில் ஊன்றி, இயந்திரத்தை அணைத்து, நாங்கள் போகும் வரை மேலே பார்த்தபடி இருந்தார். நான் கொடிக்காரர் முகத்தைப் பார்க்காமல் போனேன்.

மூன்றாவது மலையின் அடிவாரத்தில் என் பங்குக்குச் சேதம் வந்தது. அதுவும் பாறையால் இல்லை, விரல் பருமன் குச்சியால். புயலில் விழுந்த கிளைகளைச் சாலையோரம் ஒதுக்கியிருந்தார்கள். அதிலிருந்து ஒரு குச்சி தெறித்து, பின் சக்கரத்து டிரெயிலியருக்குள் புகுந்தது. அது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிடும் கருவி. கடக்கென்று ஒரு சத்தம். நான் மிதிப்பதை நிறுத்துவதற்குள் அரைச் சுற்று போய்விட்டது. அந்த அரைச் சுற்று போதும்.

டிரெயிலியரைச் சட்டத்தோடு இணைப்பது ஹேங்கர் என்ற சின்ன அலுமினியத் துண்டு. வேண்டுமென்றே மென்மையாகச் செய்வார்கள். அடிபட்டால் அது வளையட்டும், சைக்கிளின் சட்டம் தப்பட்டும் என்று. என்னுடையது சக்கரத்தின் பக்கம் வளைந்திருந்தது. கையால் நிமிர்த்தப் பார்த்தேன். அலுமினியம் ஒருமுறை வளையும், இரண்டாம் முறை உடையும். கொஞ்சம் நிமிர்ந்ததும் விட்டுவிட்டேன். மேலே மூன்று பெரிய பல்சக்கரங்களுக்குப் போனால் டிரெயிலியர் ஸ்போக்ஸில் மாட்டும், மாட்டினால் சக்கரமே போய்விடும். மலை ஏறுவதற்கென்றே இருக்கும் மூன்று கியர்கள் அவை. மீதி 8. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்து ஏற வேண்டிய மலையை 40 சுற்றில் ஏறினேன். ஒவ்வொரு சுற்றும் முழங்காலில் பதிவானது.

இந்த மாதிரி நேரத்தில் சைக்கிள்காரர்கள் எல்லாருக்கும் யூஜென் கிறிஸ்தோஃப் ஞாபகம் வந்தே தீரும். 1913 டூர் டி பிரான்ஸில், பிரனீஸ் மலையின் தூர்மலே கணவாய் இறக்கத்தில் அவருடைய முன் ஃபோர்க் உடைந்தது. யாரும் உதவக் கூடாது என்பது அன்றைய விதி. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு 10 கிலோமீட்டருக்கு மேல் நடந்து, கீழே ஒரு கிராமத்துக் கொல்லன் பட்டறையில் தானே இரும்பைக் காய்ச்சி அடித்து ஒட்டினார். அதிகாரிகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுவன் துருத்தி ஊதிவிட்டான் என்பதற்காக அவருக்கு அபராத நேரம் வேறு. என்னோடு வந்தவன் கடைசி ஏற்றத்தின் செங்குத்தான இடங்களில் பக்கத்தில் வந்து, என் முதுகில் ஒரு கையை வைத்துத் தள்ளினான். 1913 ஆக இருந்திருந்தால் எனக்கு எத்தனை நிமிடம் கூடியிருக்குமோ.

உச்சியைத் தாண்டும்போது மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. வெளிச்சம் மஞ்சளாகி மங்கத் தொடங்கியிருந்தது. இறக்கத்தில் இரண்டு கிலோமீட்டர் போனதும் பாதை பிரிகிறது. இடதுபக்கம் எங்கள் வழி, நேராக அடிவாரத்துக்கு இறங்கி வீடு. வலதுபக்கம் மலையைச் சுற்றிக்கொண்டு போகும் பழைய சாலை, 14 கிலோமீட்டர் கூடுதல்.

இடதுபக்கத்தில் இரண்டு டிரம், ஒரு மூங்கில். ஆள் இல்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் தெரிந்த சாலை நூறு மீட்டருக்குத் துப்புரவாக இருந்தது. சேறு இல்லை, மணல்கூட இல்லை. மணல் வந்தால்தானே கல் வரும்?

"யாருமே இல்லையேண்ணே" என்றான். முன்விளக்கை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தான். அவன் குரலில் கேள்வியும் இருந்தது, வேறு ஏதோவும் இருந்தது.

மூங்கில் ஒரு பக்கம் நழுவிச் சாய்ந்திருந்தது. இறங்கி, அதைத் தூக்கி டிரம்மின் மேல் நேராக வைத்தேன். துணியை இறுக்கிக் கட்டினேன். வலதுபக்கம் திரும்பினேன். அவன் பின்னாலேயே வந்தான். சுற்றுப்பாதையில் இரண்டு ஏற்றம் இருந்தது, அதை இருட்டில் நடந்து ஏறினேன். முழங்கால் வேறு வழி கொடுக்கவில்லை. அவன் தன் சைக்கிளை விட்டு இறங்கி என்னோடு நடந்தான். அவனுக்கு இறங்க வேண்டிய அவசியமே இல்லை.

மறுநாள் காலையில் சைக்கிளைக் கழுவினேன். செயினிலிருந்து கறுப்பாக, சட்டத்திலிருந்து செம்மண் நிறத்தில் சேறு இறங்கியது. பிரேக் கட்டைகள் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தன. மணலும் ஈரமும் சேர்ந்தால் அது அரம்தான். டயரின் இடுக்குகளிலிருந்து குச்சியால் நோண்டியதையெல்லாம் வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்கி, தரையில் சாய்த்தேன். முதலில் நாலைந்து சின்னக் கற்கள் வாளியின் வாய்க்குப் பக்கத்திலேயே நின்றன. அதைத் தாண்டிக் கொஞ்சம் மணல். வடிகால் ஓட்டைக்குப் பக்கத்தில் வழவழவென்று வண்டல்.

படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். பதில் உடனே வந்தது: "தரைக்கு அடியில பாத்தீங்களாண்ணே?"